கொல்லிமலை ஏற எந்தப் பெட்ரோல்?

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகச் சென்றால் காரவள்ளி வரும். அங்கே சமவெளி முடிகிறது. கொல்லிமலைப் பாதை தொடங்குகிறது. மேலே போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. எண்ணிக்கொண்டே போகலாம் என்று பலரும் தொடங்குவார்கள். முப்பதாவது வளைவுக்குள் தலை சுற்றி எண்ணிக்கையை விட்டுவிடுவார்கள்.

காரவள்ளியில் மூன்று வண்டிகள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, கணவனும் மனைவியும் வந்த ஸ்கூட்டர். இரண்டாவது, ஒரு குடும்பம் வந்த சிறிய கார். மூன்றாவது, தாழ்ந்த கூரையும் பளபளப்பும் கொண்ட ஒரு கூப்பே. கூப்பே என்பது பிரெஞ்சுச் சொல். 'வெட்டப்பட்டது' என்று பொருள். குதிரை வண்டிகளின் காலத்தில், பெரிய வண்டியை வெட்டிக் குறைத்தாற்போல இருவர் அமரும் சிறு வண்டியை அப்படி அழைத்தார்கள். சென்னையை அடுத்த மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007-இல் தொடங்கிய பி.எம்.டபிள்யூ தொழிற்சாலையிலும் '2 சீரிஸ் கிரான் கூப்பே' என்ற கார் உருவாகியிருக்கிறது. அதற்கு நான்கு கதவுகள். கூரைச் சரிவு மட்டுமே கூப்பே. 2021-இல் வந்த அதன் பெட்ரோல் வகையில் 2 லிட்டர் டர்போ எஞ்சினும், 7 கியர் கொண்ட இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸும் இருந்தன. நம் மூன்றாவது வண்டி அப்படிப்பட்ட ஒன்று எனக் கொள்வோம்.

மூவரும் வழியில் பெட்ரோல் பங்கில் நின்றார்கள். சாதாரண பெட்ரோல் ஒரு விலை. 'பிரீமியம்' பெட்ரோல் அதைவிடக் கூடுதல் விலை. சில நகரங்களில் 100 ஆக்டேன் என்று ஒன்று, மிகக் கூடுதல் விலை. "மலை ஏறப்போகிறோம், சக்தி அதிகமான பெட்ரோல் போடுவோம்" என்று சிறிய கார்க்காரர் எண்ணினால் அது சரியா? ஆக்டேன் எண் கூடினால் சக்தி கூடுமா?

மலை கேட்கும் கூலி

முதலில், மலை எவ்வளவு பெட்ரோல் கேட்கிறது என்று பார்த்துவிடுவோம். இதற்கு உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள நிலையாற்றல் சூத்திரமே போதும். கொல்லிமலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் உள்ளது. அடிவாரம் தாழ்ந்த சமவெளி. ஆகவே வண்டி ஏறும் உயரத்தைக் கணக்குக்காக 1000 மீட்டர் எனக் கொள்வோம். ஆட்களுடன் காரின் நிறை 1500 கிலோகிராம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என எடுத்தால், 1500 × 10 × 1000 = 1,50,00,000 ஜூல். அதாவது 15 மெகா ஜூல்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 32 மெகா ஜூல் கிடைக்கும். "அப்படியானால் அரை லிட்டரே போதுமே" என்கிறீர்களா? பெட்ரோலின் ஆற்றல் முழுவதும் சக்கரத்துக்கு வருவதில்லை. புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் பெரும் பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது. கால் பங்கு சக்கரத்துக்கு வந்தால் அதுவே நல்ல வண்டி. கால் பங்கு என்றால் லிட்டருக்கு 8 மெகா ஜூல். ஆக, காரைத் தூக்கி மேலே வைப்பதற்கு மட்டும் ஏறத்தாழ 1.9 லிட்டர் வேண்டும். சாலையில் உருள்வதற்கும் காற்றைக் கிழிப்பதற்கும் ஆகும் செலவு தனி. சமவெளியில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் மலைப்பாதையில் பாதிகூடக் கொடுக்காமல் போவதற்கு வண்டியின் கோளாறு காரணமன்று. மலை தன் கூலியைக் கணக்காக வாங்கிக்கொள்கிறது.

இந்தக் கணக்கில் ஆக்டேன் எண் எங்கேயாவது வந்ததா? வரவில்லை. பின் அந்த எண் எதைச் சொல்கிறது?

எட்டு என்ற எண்ணின் கதை

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை விரைந்து அமுக்கினால் சூடாகும். பெட்ரோல் எஞ்சினிலும் இதுவே நடக்கிறது. உருளைக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து வருகின்றன. உந்துதண்டு மேலே ஏறி அந்தக் கலவையைப் பத்தில் ஒரு பங்காக அமுக்குகிறது என்று கொள்வோம். அப்போது அழுத்த விகிதம் 10. கலவையின் வெப்பநிலை 400 டிகிரி செல்சியசை நெருங்கும். அந்த நேரத்தில் ஸ்பார்க் பிளக் ஒரு பொறியைத் தட்டுகிறது. பொறி பட்ட இடத்தில் தீ பிடித்து, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சீராகப் பரவுகிறது. வைக்கோல் போரில் ஒரு முனையில் வைத்த தீ மறுமுனைக்குப் போவது போல. ஆனால் நேரம் மட்டும் ஒரு விநாடியில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்குதான்.

தீ பரவப் பரவ, இன்னும் எரியாமல் ஓரத்தில் ஒதுங்கிய கலவை மேலும் அமுங்குகிறது, மேலும் சூடாகிறது. தீ தன்னிடம் வந்து சேரும் வரை அது பொறுத்திருக்க வேண்டும். பொறுக்காமல் தானே பற்றிக்கொண்டால், ஒரே கணத்தில் முழுவதும் வெடிக்கும். உருளைச் சுவரில் சுத்தியலால் தட்டியது போன்ற ஓசை கேட்கும். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். நாம் தட்டல் என்போம். தட்டல் நீடித்தால் உந்துதண்டின் தலை அரிக்கப்படும், ஓட்டைகூட விழலாம்.

ஆக்டேன் எண் என்பது இந்தப் பொறுமையின் அளவு. அவ்வளவுதான். 1926-இல் அமெரிக்காவில் கிரகாம் எட்கர் என்ற வேதியியலறிஞர் இதை அளக்க இரண்டு திரவங்களைத் தேர்ந்தெடுத்தார். ஒன்று ஐசோ ஆக்டேன்; எட்டுக் கார்பன் அணுக்கள் கொண்டது, எளிதில் தட்டாதது. ஆக்டோபசின் எட்டுக் கைகளை நினைத்துக்கொண்டால் பெயர் மறக்காது. மற்றொன்று ஹெப்டேன், ஏழு கார்பன் கொண்டது, உடனே தட்டுவது. முதலாவதற்கு 100 மதிப்பெண், இரண்டாவதற்கு 0. இரண்டையும் கலந்து, சோதனை எஞ்சினில் நம் பெட்ரோல் தட்டும் அதே நிலையில் தட்டும் கலவையைக் கண்டுபிடிக்கிறார்கள். அதில் 91 பங்கு ஐசோ ஆக்டேன் இருந்தால் பெட்ரோலின் ஆக்டேன் எண் 91. மாணவர்களைப் போலவே பெட்ரோலும் தேர்வு எழுதித்தான் மதிப்பெண் வாங்குகிறது. ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்கப் பங்குகளில் இரு வகைச் சோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள். நாம் எழுதுவது ஒரு சோதனையின் எண். ஆகவே அங்கே 87 என்பது இங்கே 91, 92-க்குச் சமம்.

இந்தப் பொறுமையைக் கூட்ட மனிதன் செய்த ஒரு காரியம் நெடுங்காலம் துன்பம் தந்தது. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் கார்களுக்கு மின்சாரத்தால் கிளப்பும் கருவியும் பாட்டரிப் பற்றவைப்பும் அமைத்துக் கொடுத்தார். எஞ்சின்கள் தட்டின, மக்கள் அவருடைய பாட்டரியைக் குறை சொன்னார்கள். பழி நீங்க வேண்டும் என்று அவர் தம் உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லியை ஆராய வைத்தார். 1921 டிசம்பர் 9 அன்று மிட்ஜ்லி ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு கலந்து பார்த்தார், தட்டல் நின்றுவிட்டது. உலகமெங்கும் ஈயப் பெட்ரோல் பரவியது. ஆனால் ஈயம் நஞ்சு. 1924-இலேயே நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் மடிந்தனர். புகையோடு வந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. இந்தியாவில் 2000 பிப்ரவரி 1 முதல் ஈயப் பெட்ரோல் அடியோடு நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. வேதனை என்னவென்றால், எத்தனால் கலந்தாலும் தட்டல் குறையும் என்பது மிட்ஜ்லிக்கும் கெட்டரிங்குக்கும் அப்போதே தெரியும்.

பொறுமை மிகுதி, ஆற்றல் குறைவு

அந்த எத்தனால் இப்போது நம் டாங்குக்குள் வந்துவிட்டது. நாமக்கல் மாவட்டத்து மோகனூரில் ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. இத்தகைய ஆலைகளில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து எத்தனால் வடிக்கலாம். மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்கிறார்கள். கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் வாங்கும் நாமக்கல் பண்ணையாளர்களுக்கு அதன் விலை பற்றி வேறு கருத்து இருக்கும். அது தனிக் கதை. 2025-இல் நாடெங்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துவிட்டது. 'இ20' என்பது அதுதான்.

நம் கேள்விக்கு எத்தனாலே நல்ல சாட்சி. அதன் ஆக்டேன் எண் 100-க்கும் மேல். கையில் சானிடைசர் பூசினால் குளிர்கிறதே, அதுபோல எஞ்சினுக்குள் ஆவியாகும்போதும் கலவையைக் குளிர்விக்கிறது. அதனாலும் தட்டல் குறைகிறது. பி.எஸ்.6 தரப் பெட்ரோலுக்கு 91 போதும் என்று இருந்தது. இ20-க்கான இந்தியத் தரம் 95 கேட்கிறது. ஆனால் ஒரு லிட்டர் எத்தனால் எரிந்தால் கிடைப்பது சுமார் 21 மெகா ஜூல்தான்; பெட்ரோலுக்கு 32. கணக்குப் போடுங்கள்: 0.8 × 32 + 0.2 × 21 = 29.8. ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு. இ20-க்கென அமைக்கப்படாத பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் கூறியது. இ20-க்கென எஞ்சினைத் திருத்தி அமைத்தால் இழப்பு 1, 2 சதவீதமாகச் சுருங்கும் என்பதும் அதே அறிக்கையில் உண்டு.

பார்த்தீர்களா? ஆக்டேன் ஏறியது, ஆற்றல் இறங்கியது. இரண்டும் வேறு வேறு குணங்கள்.

அப்படியானால் பொறுமை மிகுந்த பெட்ரோலால் யாருக்குப் பயன்? அதிகமாக அமுக்கும் எஞ்சினுக்கு. அழுத்த விகிதம் கூடினால் அதே பெட்ரோலிலிருந்து அதிக வேலை வாங்கலாம். ஏட்டுக் கணக்குப்படி, விகிதம் 8 என்றால் வெப்பத்தில் 56 சதவீதம் வேலையாக மாறலாம். 10 என்றால் 60 சதவீதம். உராய்வும் வெப்ப இழப்பும் போக உண்மையில் கிடைப்பது இதில் ஏறக்குறைய பாதிதான். ஆனாலும் கூடுதல் கூடுதல்தான். பழைய அம்பாசடர் காரின் விகிதம் 7, 8 என்ற அளவில் இருந்தது. மட்டமான பெட்ரோலையும் அது குடித்துச் சமாளித்தது. இன்றைய கூப்பேயின் விகிதம் 10-ஐத் தாண்டுகிறது. போதாதென்று டர்போ விசிறி வேறு, காற்றை முன்கூட்டியே அழுத்தி உள்ளே திணிக்கிறது. அந்த எஞ்சினுக்குப் பொறுமைசாலிப் பெட்ரோல் தேவை. எவ்வளவு தேவை என்பதைப் பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ அச்சிட்டிருப்பார்கள்.

சிறிய கார்க்காரர் 100 ஆக்டேன் போட்டால்? இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பர் 1 அன்று இதை அறிமுகப்படுத்தியபோது டில்லியில் லிட்டர் 160 ரூபாய். சாதாரண பெட்ரோலின் விலையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. 91 போதும் என்று வடிவமைத்த எஞ்சினில் சாதாரண பெட்ரோலே தட்டுவதில்லை. இல்லாத நோய்க்கு மருந்து வாங்குவது போலத்தான் அது. அந்தப் பணத்தில் செம்மேட்டில் நல்ல பலாப்பழம் வாங்கலாம் என்பது என் கட்சி.

கூப்பேக்காரர் மாறாகக் குறைந்த ஆக்டேன் போட்டால் என்ன ஆகும்? அந்தக் காலத்துக் கார் என்றால் கடகடவென்று தட்டியே காட்டிக் கொடுத்துவிடும். இன்றைய எஞ்சினின் உடலில் ஒரு காது ஒட்டியிருக்கிறது. கேஸ் அடுப்பு லைட்டரை அழுத்தினால் பொறி வருகிறதல்லவா? அழுத்தினால் மின்னழுத்தம் தரும் அந்த வகைப் பொருளே இங்கும். தட்டலின் அதிர்வு பட்டதும் அது மின்குறிப்பு அனுப்புகிறது. கணிப்பொறி உடனே ஸ்பார்க் பொறியைச் சற்றுத் தாமதமாக விடச் செய்கிறது. தட்டல் அடங்கிவிடும். எஞ்சின் பிழைத்தது. ஆனால் தாமதமாக எரிந்த வாயு உந்துதண்டைத் தள்ளுவதற்குப் பதில் வெப்பத்தோடு வெளியேறுகிறது. இழுவை குறைகிறது. ஓட்டுநர் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்துகிறார். தானியங்கிக் கியர்பாக்ஸ், "இவருக்கு இன்னும் இழுவை வேண்டும்" என்று எண்ணி ஒரு கியர் கீழே இறங்குகிறது. எஞ்சின் அலறுகிறது, மைலேஜ் சரிகிறது. "கியர்பாக்ஸில் ஏதோ கோளாறு" என்று அவர் ஒர்க் ஷாப்புக்குப் போவார். சில சமயம் கோளாறு டாங்குக்குள் இருக்கும்.

வளைவில் தடுமாறும் கியர்

கொல்லிமலை வளைவுகளில் கியர்பாக்ஸ் படும் பாடு தனியானது. இரட்டைக் கிளட்ச் வகையில் 1, 3, 5, 7 ஆகிய கியர்கள் ஒரு தண்டிலும், 2, 4, 6 மற்றொரு தண்டிலும் உள்ளன. மூன்றாவது கியரில் ஓடும்போது, வேகம் கூடுகிறது என்று தோன்றினால் நான்காவதை முன்கூட்டியே கோத்து வைத்துக்கொள்கிறது. நேர்ச்சாலையில் இது கண்ணிமைக்கும் நேரத்தில் மாறும் வித்தை. ஆனால் இரண்டு வளைவுகளுக்கு நடுவே ஒரு சிறு நேர்பாதை. வேகம் பிடிக்கிறது, நான்கைக் கோக்கிறது. உடனே அடுத்த கொண்டை ஊசி. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, வளைந்து, மறுபடி அழுத்துகிறார். இப்போது வேண்டியது இரண்டு. நான்கை விட்டு இரண்டைக் கோக்க ஒரு கணம் தயங்குகிறது. எழுபது வளைவிலும் இதே கதை. தானியங்கி வண்டியானாலும் மலையில் கையால் கியரைத் தேர்ந்து இரண்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது என்று அனுபவசாலிகள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சாதாரண கியர் வண்டிக்கும் இது பொருந்தும். மூன்றாவது கியரில் எஞ்சின் திணறத் திணற ஏற்றினால் பெட்ரோல் மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது உருளைக்குள் அழுத்தமும் அதிகம், ஓரக் கலவை பற்றிக்கொள்ளக் கிடைக்கும் நேரமும் அதிகம். தட்டலுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேண்டியதில்லை. ஒரு கியர் இறக்கினால் தட்டல் நிற்கும். இலவசமாகக் கிடைக்கும் ஆக்டேன் என்று இதைச் சொல்லலாம்.

மலையும் கொஞ்சம் உதவுகிறது. 1200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட 12, 13 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவு காற்றைக் குறைவாகவே இழுக்கிறது. சக்தி குறையும்; ஆனால் அமுக்கமும் குறைவதால் தட்டலும் குறையும். அமெரிக்காவின் மலை மாநிலங்களில் மற்ற இடங்களைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோல் விற்பது இதனால்தான். டர்போ வைத்த கூப்பேக்கு இந்தச் சலுகை அவ்வளவாக இல்லை. காற்று மெலிந்தால் அதன் விசிறி இன்னும் வேகமாகச் சுழன்று ஈடுகட்டிவிடும்.

மலைக்கு வரும் பேருந்தையும் லாரியையும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவை டீசல். அங்கே ஸ்பார்க் பிளக்கே கிடையாது. எரிபொருள் தானே பற்றிக்கொள்வதுதான் வேண்டும். பொறுமையில்லாத எரிபொருளுக்கே அங்கு மதிப்பு.

இறங்கும்போது

ஏறும்போது மலையிடம் கொடுத்த 15 மெகா ஜூலை இறங்கும்போது அது திருப்பித் தருகிறது. அதை எங்கே வைப்பது? ஒரு பகுதியைக் காற்றும் டயர்களும் எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக்கில் போனால் என்னாகும்? 15 மெகா ஜூல் என்பது 50 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டு வரும் வெப்பம். மூன்று குடத்துக்கு மேல். சூடேறிய பிரேக் பிடிக்காது.

பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறங்குவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. அதில் மிச்சமும் இல்லை. இன்றைய கார்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், கணிப்பொறி பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். உருளும் சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுற்றுகின்றன. அந்த வேலையே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. நியூட்ரலில் விட்டாலோ, எஞ்சின் அணையாமல் சுழலப் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது கணிப்பொறிக் காருக்கும் செல்லும். தானியங்கி வண்டியை 'டி'யில் விட்டுவிட்டு இறங்கினால், அது மேல் கியருக்குப் போய்ப் பிடிப்பைத் தளர்த்திவிடக்கூடும்.

ஸ்கூட்டரில் வந்தவர்களுக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். கியரில்லா ஸ்கூட்டரில் ரப்பர் பட்டையும், வேகம் வந்தால் மட்டும் பிடிக்கும் கிளட்சும் உள்ளன. ஆக்சிலேட்டரை மூடி மெதுவாக இறங்கினால் கிளட்ச் விட்டுவிடும். எஞ்சின் பிடிப்பு இல்லை, முழுச் சுமையும் பிரேக்குக்கே. பத்துப் பன்னிரண்டு வளைவுக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்திப் பிரேக்கை ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கக் கூடாது, காற்றிலேயே ஆறட்டும்.

உங்களுக்கு ஒரு கணக்கு. ஸ்கூட்டர் 110 கிலோகிராம், இருவர் சேர்ந்து 130 கிலோகிராம். 1000 மீட்டர் ஏற, தூக்கும் வேலைக்கு மட்டும் எத்தனை மில்லி லிட்டர் பெட்ரோல்? அதே கால் பங்குக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். விடை 300. பிறகு, இ20 பெட்ரோல் என்றால் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.